தடுமாற வைக்கும் எழுத்துரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் எப்படிப்பட்டது என்பதை, அந்தச் சிரமம் இல்லாதவர்களும் உணர வேண்டும் என்ற நோக்கத்தோடு இங்கிலாந்தில் உருவான ஓர் எழுத்துருவைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழந்தைகளைப் பற்றியவை அல்ல. வேலைக்குப் போகும், குடும்பம் நடத்தும் பெரியவர்களைப் பற்றியவை. அவர்களைப் பற்றிப் பேச நமக்கு வாய்ப்புகள் குறைவு என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுமையாக அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டுக்கொண்டவர்களின் பெயர்களையும், கேட்டுக்கொள்ளாதவர்களின் பெயர்களையும் சேர்த்தே தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: டிஸ்லெக்சியா உள்ளவர்களின் கண்ணுக்கு எழுத்துகள் எப்படித் தெரிகின்றன என்பதைக் காட்டும் எழுத்துரு என்று சொல்லி, நண்பர் ஒருவர் அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு எழுத்திலும் பாதியைக் காணோம். உண்மையிலேயே அவர்களுக்கு எழுத்துகள் இப்படித்தான் தெரியுமா?
- கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தெரியாது. அந்த எழுத்துருவை உருவாக்கியவரும் அப்படிச் சொல்லவில்லை. டேனியல் பிரிட்டன் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர், லண்டன் காலேஜ் ஆஃப் கம்யூனிகேஷனில் படித்தவர். பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில்தான் தமக்கு டிஸ்லெக்சியா இருப்பது அவருக்கே தெரியவந்தது. உடன் படித்தவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அதை எவ்வளவு விளக்கியும் புரியவில்லை என்பதால், விளக்குவதை விட்டுவிட்டு அவர்களைப் படிக்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். எல்லோருக்கும் பழக்கமான ஹெல்வெட்டிகா எழுத்துருவை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்திலிருந்தும் ஏறத்தாழ 40 சதவீதக் கோடுகளை நீக்கினார். எஞ்சிய கோடுகளைக் கொண்டு அது எந்த எழுத்து என்று ஊகித்துவிடலாம்; ஆனால் ஒவ்வொன்றையும் நின்று நிதானித்துத்தான் ஊகிக்க முடியும். 2015-ஆம் ஆண்டு இணையத்தில் இது பரவலாகப் பேசப்பட்டது.

இதில் அவர் காட்ட விரும்பியது எழுத்தின் தோற்றத்தை அன்று, படிப்பவருக்கு ஆகும் நேரத்தையும் உழைப்பையும். நன்றாகப் படிப்பவர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, பொருளைத்தான் பார்க்கிறார்கள். ஒரு சொல்லைப் படித்தோம் என்ற உணர்வே இல்லாமல் அதன் பொருள் மனத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிரிட்டனின் எழுத்துரு அந்த வசதியைச் சில நிமிடங்களுக்குப் பறித்துவிடுகிறது. வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தில் என்ன படித்தோம் என்பது மறந்துபோய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டால், சுற்றியிருப்பவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே நாக்கைக் கட்டிப்போடுகிறது. டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்கள் தங்கள் அனுபவமாகச் சொல்வதும் இதைத்தான்.

எழுத்துகள் ஆடுகின்றன, தலைகீழாகத் தெரிகின்றன என்ற எண்ணம் பரவியதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இந்தக் குறைபாட்டுக்கு 1887-இல் பெயர் வைத்த ருடால்ஃப் பெர்லின் ஒரு ஜெர்மானியக் கண் மருத்துவர். 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், கணக்கு நன்றாகப் போட்டும் படிக்க வராத 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியபோது, அதைச் ‘சொல் குருடு’ என்றே குறிப்பிட்டார். பாடத்தை முழுக்க முழுக்க வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்கார மாணவன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆசிரியரின் பார்வை, அவர் காலத்து மருத்துவத்தைவிடத் தெளிவானது என்றே எனக்குத் தோன்றுகிறது. பிற்கால ஆய்வுகள் கண்ணை விட்டு ஒலியின் பக்கம் திரும்பின: பேசும் சொல்லைச் சிறு ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு விரைவாகப் பொருத்தும் வேலை பெரும்பாலானவர்களுக்கு எளிதாக வருவதுபோல் இவர்களுக்கு வருவதில்லை. சிலருக்குப் பார்வை சார்ந்த அசௌகரியமும் கூடவே இருக்கலாம். அதுவே காரணம் என்று சொல்வதற்கில்லை.

சொல்லுக்குள் எழுத்துகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும் பக்கம் ஒன்றை 2016-இல் விக்டர் விடெல் என்ற ஸ்வீடன் நாட்டு மென்பொருளாளர் உருவாக்கினார். தோழி ஒருவர் சொன்ன அனுபவத்தை வைத்து அவர் செய்தது அது. தனியொருவரின் அனுபவமாக அதைப் பார்க்கலாம். எல்லோருக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் மேற்பார்வையாளர்களுக்கு நான் பயிற்சி அளிக்கிறேன். பிரிட்டனின் எழுத்துரு ஆங்கிலத்துக்கானது. எங்களவர்களுக்கு ஆங்கிலமே தடுமாற்றம் என்பதால் அதைக் காட்டிப் பயனில்லை. தமிழில் இப்படி ஒன்றைச் செய்ய முடியுமா?
- பயிற்சி அலுவலர், ஓசூர்

பதில்: முடியும். புதிய எழுத்துருவை வடிவமைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கீழே உள்ள வரியை, எங்கும் நிற்காமல், சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

விணணபபதரரரதமபெயரைபபெரியஎழுததிலஎழுதிவரிசைஎணணைசசரிபரரததுககெரளளவெணடும

இது நான் புனைந்த முறை அன்று. நம் ஓலைச்சுவடிகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டன. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஆயுளைச் செலவிட்டுப் பிரித்துக் கொடுத்ததைத்தான் நாம் இன்று அச்சில் சரளமாகப் படிக்கிறோம். மேலே உள்ள வரியை இன்றைய முறையில் எழுதினால், ‘விண்ணப்பதாரர் தம் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வரிசை எண்ணைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று வரும். முதல் சொல்லிலேயே அடுத்தடுத்து வரும் மூன்று ரகரங்களில் முதலாவது கால், இரண்டாவது உயிர்மெய், மூன்றாவது மெய் என்று கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு நேரமானது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, படித்துப் பட்டம் பெற்று, மற்றவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நீங்கள், நாள்தோறும் பார்க்கும் ஒரு விண்ணப்ப அறிவுரையில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் அறிவு எதுவும் குறைந்துவிடவில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் தாங்களாகவே கண்டுகொள்ள வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

பயிற்சியில் இதை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க அளவுக்கு இவ்வாறு அச்சிட்டு, மூன்று நிமிடத்தில் படித்துக் கடைசியில் உள்ள இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். நேரம் முடிந்ததும் தாளை வாங்கிவிடுங்கள். யாரையும் எழுந்து நின்று படிக்கச் சொல்ல வேண்டாம். வந்திருப்பவர்களில் உண்மையிலேயே வாசிப்புச் சிரமம் உள்ளவர் ஒருவர் இருக்கக்கூடும், அவரை மீண்டும் ஒருமுறை அவமானப்படுத்தும் பயிற்சியாக இது ஆகிவிடக் கூடாது. தாளை வாங்கிய பிறகு அரை மணி நேரமாவது பேசுங்கள். பொருள் புரியாத இடத்தில் என்ன செய்தீர்கள்? ஊகித்தீர்களா, பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்த்தீர்களா, படித்ததுபோல் காட்டிக்கொண்டீர்களா? பெரியவர்கள் இந்த மூன்றையும் பல ஆண்டுகளாகப் பழகி, அதில் தேர்ந்துவிட்டிருப்பார்கள். அதனால்தான் அவர்களுடைய சிரமம் நம் கண்ணில் படுவதில்லை.

இந்தப் பயிற்சி காட்டத் தவறுவது ஒன்று உண்டு. சுவடி முறை வரியை நாலைந்து பக்கம் படித்தால் உங்களுக்குப் பழகிவிடும், வேகமும் கூடிவிடும். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு அந்தப் பழக்கம் அவ்வளவு எளிதில் கைகூடுவதில்லை. நீங்கள் மூன்று நிமிடத்தில் தாளைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடலாம்; அவர் போக முடியாது. இதைப் பயிற்சியின் முடிவில் வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கூட்டங்களில் மணிமணியாகப் பேசுவார். அதையே இரண்டு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுக்கச் சொன்னால் நாளைக் கடத்துவார். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பதில் என்ன தவறு?
- அரசு ஊழியர், வேலூர்

பதில்: பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் இருப்பதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம். சோம்பேறி எல்லா வேலையிலும் சோம்பேறியாகத்தான் இருப்பார். அவர் எழுத்து வேலையை மட்டும் தள்ளிப்போடுகிறார் என்றால், நீங்கள் அரை மணியில் முடிக்கும் குறிப்புக்கு அவர் வீட்டில் ஓர் இரவு முழுவதும் உட்கார வேண்டியிருக்கிறதோ என்று யோசித்துப் பாருங்கள். குறிப்பை அவர் சொல்லச் சொல்லக் கைபேசியில் பதிவு செய்து தரலாமா என்று தனியாக, நட்பாகக் கேளுங்கள். காரணம் என்ன என்று விசாரிக்காதீர்கள்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகள் படும் பாட்டைச் சில நிமிடங்களுக்கு நடித்துப் பார்க்கும் பயிற்சிகள் இரக்கத்தை மட்டுமே வளர்க்கும், மரியாதையை வளர்க்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எழுத்துருவுக்கும் இது பொருந்தாதா?
- சமூகப்பணி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: பொருந்தும். உங்கள் கேள்விதான் வந்த கடிதங்களிலேயே கூர்மையானது. இந்த ஐயத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2017-இல் அமெரிக்காவில் மிஷெல் நாரியோ-ரெட்மண்ட் என்ற உளவியலாளரின் குழுவால் வெளியிடப்பட்டது. சக்கர நாற்காலியில் நகர்வது, காது கேளாத நிலை, டிஸ்லெக்சியா ஆகியவற்றை மாணவர்கள் சிறிது நேரம் நடித்துப் பார்த்தார்கள். பிறகு அவர்களிடம் இரக்கம் கூடியிருந்தது. ஆனால் கூடவே குழப்பமும், கூச்சமும், ‘நமக்கும் இப்படி ஆகிவிடுமோ’ என்ற அச்சமும் கூடியிருந்தன. அந்தக் குறைபாடு உள்ளவர்களோடு பழகும் மனப்பான்மை மேம்படவில்லை.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. சில நிமிடம் நடித்துப் பார்ப்பவர் அனுபவிப்பது, ஒரு திறமையைத் திடீரென்று இழந்தவரின் பதற்றத்தை. பிறவியிலிருந்தே அந்த நிலையில் வாழ்பவர் இழந்தவர் அல்லர். தமக்கென்று நூறு வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டவர். பிரிட்டனின் எழுத்துருவைப் பார்த்துவிட்டு, ‘ஐயோ, பாவம்’ என்று எழுந்து போகிறவர், தம் பதற்றத்தையே அவர்களுடைய வாழ்க்கை என்று எண்ணிக்கொள்கிறார்.

ஆனாலும் எழுத்துருவை நான் முற்றிலும் ஒதுக்க மாட்டேன். அது ஒரு சுவரொட்டிக்கோ ஒரு வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்கோ தக்கது. அதற்குப் பிறகு பேச வேண்டியவர், வாசிப்புச் சிரமத்தோடு வாழும் ஒருவர். மேலும், இந்த எழுத்துருவை வெளியே இருந்து யாரோ கற்பனை செய்யவில்லை. அந்தச் சிரமத்தோடு வாழ்ந்தவரே, தம் அனுபவத்தைத் தம் கலையின் மொழியில் சொன்னார். நடித்துப் பார்க்கும் பயிற்சிகள் பலவற்றுக்கும் இதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ‘அவர்களுக்கு என்ன குறை’ என்று கேட்க வைக்காமல், ‘இந்தத் தாளில் என்ன குறை’ என்று கேட்க வைத்தால் அந்தப் பயிற்சி உருப்படியானது. சிரமத்தை உண்டாக்கியது தாளின் அச்சு என்பதால், தாளை மாற்றினால் சிரமமும் மாறும் என்ற எண்ணம் அங்கே தானாகவே எழும். சக்கர நாற்காலிப் பயிற்சியில் படிக்கட்டைப் பார்த்து ஒருவர் கோபப்பட வேண்டும் என்பதுபோலத்தான் இதுவும்.

கேள்வி: தடுமாற வைக்கும் எழுத்துரு இருக்கட்டும், தடுமாற்றத்தைக் குறைக்கும் எழுத்துரு உண்டா? தமிழில் கிடைக்குமா?
- நூலகர், பாளையங்கோட்டை

பதில்: அப்படிச் சொல்லி வெளிவந்தவை பல. நெதர்லாந்தின் கிறிஸ்டியன் பூர் 2008-இல் தம் படிப்புத் திட்டமாக ‘டிஸ்லெக்ஸி’ எழுத்துருவை உருவாக்கினார். அவருக்கும் டிஸ்லெக்சியா உண்டு. எழுத்துகளின் அடிப்பகுதியைக் கனமாக்கினால் அவை தலைகீழாகப் புரளாது என்பது அவருடைய எண்ணம். 2011-இல் அபெலார்டோ கோன்சாலஸ் இலவசமாக வெளியிட்ட ‘ஓப்பன்டிஸ்லெக்சிக்’ பல மின்னூல் கருவிகளில் இடம்பெற்றுவிட்டது. இவற்றை விரும்பிப் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் 2017-இலும் 2018-இலும் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில், இவற்றால் படிக்கும் வேகமோ சரியாகப் படிப்பதோ கூடவில்லை. 2016-இல் நடந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகவே காட்டியது: சாதாரண ஏரியல் எழுத்துருவில் எழுத்துகளுக்கும் சொற்களுக்கும் இடையே அதே அளவு இடைவெளி விட்டதும், ‘டிஸ்லெக்ஸி’யால் கிடைத்த சிறு நன்மையும் காணாமல் போய்விட்டது. ஆக, உதவியது எழுத்தின் வடிவம் அன்று, இடைவெளி.

இடைவெளியைப் பற்றி 2012-இல் மார்கோ சோர்ஸி குழுவினர் இத்தாலி, பிரான்ஸ் நாட்டுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. எழுத்துகளை வழக்கத்தைவிடத் தள்ளித் தள்ளி அச்சிட்டபோது, எந்தப் பயிற்சியும் இல்லாமலே டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளின் வாசிப்பு வேகம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது, பிழைகளும் வெகுவாகக் குறைந்தன. பெரியவர்களை மனத்தில் வைத்து உழைத்தவர் இங்கிலாந்தின் நாரிச் நகரைச் சேர்ந்த ராபர்ட் ஹில்லியர். டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களிடமே கேட்டுக் கேட்டு அவர் வடிவமைத்த ‘சைலெக்ஸியாட்’ எழுத்துரு, சீரான மெல்லிய கோடுகளையும் சொற்களுக்கிடையே தாராளமான இடைவெளியையும் கொண்டது.

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களின் நிலை டிஸ்லெக்சியாவிலிருந்து வேறுபட்டது; அவர்களுக்காகவும் ஒரு முயற்சி உண்டு. லண்டனின் ஃபான்ட்ஸ்மித் நிறுவனம் பிரிட்டன் நாட்டின் மென்கேப் தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து ‘எஃப்எஸ் மீ’ என்ற எழுத்துருவை உருவாக்கியபோது, அத்தகைய பெரியவர்களிடமே எழுத்து வடிவங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டது. அவர்களுக்காகச் செய்கிறோம் என்று சொல்லிக் குழந்தைத்தனமான உருண்டை எழுத்துகளைக் கொடுக்காமல், பெரியவர்களுக்குரிய கௌரவமான தோற்றத்தில் அதை அமைத்தார்கள். நம் ஊரில் எளிய வாசிப்பு என்றதும் கார்ட்டூன் படத்தையும் பல வண்ண எழுத்தையும் போட்டுவிடுகிறோம். 40 வயதுக்காரர் கையில் அதைக் கொடுப்பது அவரை மதிப்பதாகாது.

தமிழ் நூலகத்துக்கு என்ன வாங்கலாம் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆங்கிலத்தில் b, d என்ற சிறிய எழுத்துகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருப்பதுபோல் தமிழில் இல்லை. நமக்குத் தொல்லை தருபவை வேறு. கெ, கே இரண்டுக்கும் சுழியில் மட்டுமே வேறுபாடு. ன, ண இரண்டுக்கும் ஒரு சுழி வேறுபாடு. கொம்பு முதலில் எழுதப்பட்டாலும் உச்சரிப்பில் பின்னால் வருகிறது. ‘கொ’ என்பதில் ககரத்தின் இருபுறமும் குறிகளைப் பார்த்துவிட்டுத்தான் ஒலிக்க முடியும். புள்ளி மங்கிவிட்டால் சொல்லே மாறிவிடும். ஆகவே கொம்பின் சுழியும் மெய்யின் புள்ளியும் பளிச்சென்று தெரியும், கோடுகள் ஒரே தடிமனில் ஓடும் எழுத்துருவில், நல்ல இடைவெளியோடு அச்சான நூல்களைத் தேர்ந்தெடுங்கள். கூடவே ஒலிநூல்களையும் வாங்கி வையுங்கள். காதால் படிப்பதும் படிப்புத்தான்.

கேள்வி: எனக்கு 41 வயது. நூற்பாலையில் இயந்திரப் பழுது பார்ப்பதில் எனக்கு நல்ல பெயர். சென்ற ஆண்டு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். இப்போது நாள்தோறும் அறிக்கை எழுத வேண்டும், சுற்றறிக்கையைத் தொழிலாளர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தமிழிலேயே எனக்கு வேகமாகப் படிக்க வராது. பள்ளியில் மக்கு என்றே பெயர். அறிக்கையை என் மனைவிதான் எழுதித் தருகிறார், சுற்றறிக்கையை முதல் நாளே வாங்கி வந்து மனப்பாடம் செய்துவிடுகிறேன். பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? இந்தக் கடிதமும் மனைவி எழுதியதே.
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஐயா, எழுதிக் கொடுக்க வேண்டாம். முதல் நாளே சுற்றறிக்கையை வாங்கி, வீட்டில் படிக்கச் சொல்லிக் கேட்டு, மறுநாள் பிசகாமல் சொல்கிறவரை மக்கு என்று சொன்ன பள்ளிக்கூடத்துக்குத்தான் உங்களைப் படிக்கத் தெரியவில்லை. உங்கள் துணைவியாருக்கும் என் வணக்கம்.

உங்களுக்கு இருப்பது டிஸ்லெக்சியாதானா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்வது முறையாகாது. பெரியவர்களுக்கும் அதைச் சோதித்துச் சொல்ல முடியும். மருத்துவமனை உளவியலாளரிடம் போய், படிப்பு, எழுத்து, நினைவு ஆகியவற்றுக்கான சோதனைகளைச் செய்துகொள்ளலாம். சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் முக்கியமாகக் குழந்தைகளுக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் பணியாற்றினாலும், யாரைப் பார்க்கலாம் என்று அவர்களிடம் கேட்டறியலாம். சோதனை வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் தவறில்லை. கீழே சொல்பவற்றுக்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

உங்கள் கைபேசியில் தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதி இருக்கிறது. அறிக்கையை நீங்களே பேசிப் பதிவு செய்துவிட்டு, மனைவியைச் சரிபார்க்க மட்டும் சொல்லுங்கள். சுற்றறிக்கையைப் படமெடுத்தால் அதைத் தமிழில் படித்துக் காட்டும் செயலிகளும் உண்டு. ஒரு காதில் மாட்டிக்கொண்டு இரண்டு முறை கேட்டால் போதும். அறிக்கையில் நாள்தோறும் வரும் செய்திகள் ஏறக்குறைய ஒன்றே என்பதால், கட்டம் போட்ட படிவமாக அதை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்: எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு நின்றது, எதனால், எப்போது ஓடியது. இதனால் மற்ற மேற்பார்வையாளர்களுக்கும் வேலை குறையும். கேட்பதில் உங்களுக்குக் கூச்சம் இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேகமாகப் படிக்க வராதது தமிழில் ஒருவரைத் தனியாக வாட்டும். நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறுவேறு. சுற்றறிக்கையில் வரும் ‘மேற்கொள்ளப்பட வேண்டும்’ என்பதை ஆலையில் யாரும் வாயால் சொல்வதில்லை. ஓரளவு படித்ததும் மீதியை ஊகித்துக்கொள்ளும் உதவி, பேச்சில் இல்லாத சொல்லுக்குக் கிடைப்பதில்லை. பல்கலைக்கழகம் வரை வந்த டிஸ்லெக்சியா உள்ளவர்களை இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளில் ஒப்பிட்டு 2001-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் அதிகமுள்ள இத்தாலிய மொழிக்காரர்கள் மற்றவர்களைவிடச் சரியாகப் படித்தார்கள். ஆனால் மூளையில் காணப்பட்ட வேறுபாடு மூன்று நாட்டவருக்கும் ஒன்றே. தமிழும் அந்த நெருக்கம் உடைய மொழிதான். அதனால், பிழையில்லாமல் ஆனால் மிக மெதுவாகப் படிப்பவர்கள் நம்மிடையே கண்டுகொள்ளப்படாமலே போய்விடுகிறார்கள் என்று நான் கருதுகிறேன்.

சட்டமும் உங்களுக்குத் துணை நிற்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இல் வரையறுக்கப்பட்ட 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தனியார் நிறுவனங்கள் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. முதலில் சட்டத்தைப் பேச வேண்டியதில்லை. உங்கள் கைத்திறனை அறிந்து பதவி கொடுத்த ஒருவர் ஆலையில் இருப்பார் அல்லவா, அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிப் பாருங்கள். இந்தப் பக்கத்தின் ஓலைச்சுவடி வரியை அவரிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டும் பேச்சைத் தொடங்கலாம்.

கேள்வி: சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். மருத்துவமனைத் துண்டறிக்கை, கூட்டுறவுச் சங்கப் படிவம் எல்லாம் எங்களிடம் அச்சாகின்றன. நாங்கள் என்ன செய்யலாம்?
- அச்சக உரிமையாளர், கும்பகோணம்

பதில்: நீங்கள் செய்யக்கூடியது மற்ற எல்லோரையும்விட அதிகம். எழுத்தின் அளவு 12 முதல் 14 பாயிண்ட், வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி, இடப்பக்கம் மட்டும் நேராக அமையும் வரிகள், அடிக்கோடும் சாய்வெழுத்தும் தவிர்த்தல், பளீர் வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள் சாயலுள்ள தாள் என்று பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் வகுத்திருக்கும் நெறிகள் தமிழுக்கும் பெரும்பாலும் பொருந்தும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, குறிகள் மேலும் கீழும் நீள்பவை என்பதால் 14-க்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

தமிழுக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. இருபுறமும் நேராக்குவதற்காக ஒரு வரியில் சொற்களை இழுத்தும் அடுத்த வரியில் நெருக்கியும் அமைக்கிறோம். நீளமான சொல்லை வரியின் முடிவில் எந்தக் குறியும் இல்லாமல் உடைத்து, மீதியை அடுத்த வரியில் போடுகிறோம். ‘சரிபார்த்துக்கொள்’ என்று ஒரு வரியும் ‘ளப்படும்’ என்று அடுத்த வரியும் வந்தால், மெதுவாகப் படிப்பவர் அங்கே கட்டாயம் நின்றுவிடுவார். வலப்பக்கம் ஒழுங்கில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, சொல்லை உடைக்காதீர்கள். இடம் போதவில்லை என்று எழுத்துகளைக் கணினியில் பக்கவாட்டில் சுருக்குவதையும் நிறுத்திவிடலாம். கொம்பின் சுழி முதலில் அடைபடுவது அப்போதுதான். படிவங்களில் சொற்களைக் கூடியவரை பிரித்து எழுதச் சொல்லுங்கள். ‘பூர்த்திசெய்யப்பட்டிருக்கவேண்டும்’ என்று மூலப்படி வந்தால், ‘எல்லாக் கட்டங்களையும் நிரப்புங்கள்’ என்று மாற்றலாமா என்று வாடிக்கையாளரைக் கேட்பதில் தவறில்லை.

மெய்ப்புப் பார்க்கும்போது, சரளமாகப் படிப்பவர் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளாமல், படிக்கச் சிரமப்படும் ஒருவரிடமும் ஒரு படியைக் கொடுங்கள். அந்த வேலைக்கு அவருக்குக் கூலி கொடுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே விரலை வைத்துத் திரும்பிப் போகிறார் என்று பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, வரியை மாற்றி அமைத்த பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.